பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு எந்த ஸ்பார்க் பிளக் வாங்குவது?

பழைய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்திருப்பவர்கள் பிளக் வாங்கப் போனால் பெரும்பாலும் ஒன்றுதான் செய்கிறார்கள். கழற்றிய பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், "இதே மாதிரி ரெண்டு கொடுங்க" என்று கேட்கிறார்கள். எஞ்சின் வாங்கிய புதிதில் அது சரி. இருபது, முப்பது வருடம் ஓடி, மூன்று நான்கு கை மாறி வந்த எஞ்சினில் மாட்டியிருப்பதே தப்பான பிளக்காக இருக்கலாம். முன்னால் வைத்திருந்தவர் அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார். அடுத்தவர் அதையே மாதிரி காட்டி வாங்கியிருப்பார். எஞ்சினும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆகவே முதல் வேலை, எஞ்சினின் மாடல் எண்ணைப் பார்ப்பது. படகின் பின்பலகையில் எஞ்சினைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பகுதியில் ஒரு சிறிய தகடு இருக்கும். மாடல், சீரியல் எண் இரண்டும் அதில்தான். உப்பும் பெயின்டும் ஏறி மறைந்திருந்தால் மெல்லத் துடைத்துப் படிக்கலாம். அந்த மாடலுக்கான கையேட்டில் எந்த பிளக், அதில் தீப்பொறி தாவும் இடைவெளி எவ்வளவு என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். பழைய மாடல்கள் பலவற்றின் கையேடு இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. எஞ்சின் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் சில கம்பெனிகள் இதை அச்சிட்டிருக்கும்.

கையேட்டில் இருக்கும் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று வேறொன்றை நீட்டும்போது அது உண்மையா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

யமஹாவின் 2-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு பிளக்கை எடுத்துக்கொள்வோம். என்.ஜி.கே. பி7எச்எஸ்-10. (என்.ஜி.கே. கம்பெனி 2023-இல் தன் ஆங்கிலப் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பிளக் பெட்டியில் இன்றும் பழைய பெயர்தான்.)

முதல் எழுத்து 'பி' மரையின் விட்டத்தைச் சொல்கிறது. 14 மில்லிமீட்டர். பழைய அவுட்போர்டுகளில் பெரும்பாலும் இந்த அளவுதான். இந்த வகை பிளக்கின் அறுகோணத் தலை 20.8 மி.மீ. இருக்கும், 21 மி.மீ. பிளக் ஸ்பேனர் பிடிக்கும்.

அடுத்து வரும் 7 வெப்ப எண். இதுதான் அதிகம் குழப்புவது, விரிவாகப் பிறகு பார்ப்போம்.

'எச்' மரைப் பகுதியின் நீளம். 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இந்த இடத்தில் 'இ' என்று இருந்தால் நீளம் 19 மி.மீ. எழுத்தே இல்லாமல் பி6எஸ் என்று வந்தால் 9.5 மி.மீ. தான். 'எஸ்' என்பது உள்ளே தாமிரக் கரு உள்ள சாதாரண பிளக். கடைசியில் வரும் 10, தீப்பொறி தாவும் இடைவெளி 1.0 மி.மீ. என்று காட்டுகிறது.

முதல் எழுத்துக்குப் பக்கத்தில் 'ஆர்' சேர்ந்து பிஆர்7எச்எஸ்-10 என்று வந்தால் உள்ளே ரெசிஸ்டர் வைத்த பிளக். அதே இடத்தில் 'பேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து வந்தால், பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. கையேடு அதைக் கேட்காதபோது அதை வாங்கக் கூடாது. எரிப்பு அறைக்குள் பிஸ்டனுக்கும் பிளக்குக்கும் நடுவில் உள்ள இடம் ரொம்பக் குறைவு.

மரையின் நீளத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது

14 மி.மீ. விட்டத்தில் 9.5, 12.7, 19 என்று மூன்று நீளமும் உண்டு. விட்டம் ஒன்றுதான் என்பதால் மூன்றும் ஒரே ஓட்டையில் ஏறிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பைக் கடையில் அவசரத்துக்கு வாங்கும் பிளக் 19 மி.மீ. நீளமாக இருந்து, எஞ்சின் தலை 12.7 மி.மீ.க்கானதாக இருந்தால், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றை இழுத்த முதல் சுற்றிலேயே பிஸ்டன் அதில் மோதலாம். மோதாமல் தப்பினாலும், உள்ளே நீட்டிய மரை பழுக்கக் காய்ந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். அந்த மரையில் கார்பன் படிந்து இறுகிவிட்டால், கழற்றும்போது அலுமினியத் தலையின் மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

குட்டையான பிளக்கை மாட்டினால் சேதம் மெதுவாக வரும். தீப்பொறி ஓட்டைக்குள்ளேயே பதுங்கிவிடுவதால் எரிப்பு சரியாக இருக்காது. காலியாகக் கிடக்கும் மரையில் கார்பன் படிந்து கெட்டியாகும். அப்புறம் சரியான பிளக்கை வாங்கி வந்தாலும் அது முழுசாக ஏறாது.

கடையிலேயே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரையின் நுனி வரை அளந்து பாருங்கள். கையேட்டில் உள்ள எண்ணுக்கு இரண்டுமே பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். பழையதே தப்பாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வெப்ப எண்

பிளக் எரிப்பு அறைக்குள் இருக்கிறது. அது வாங்கும் வெப்பம் பீங்கான் மூக்கு வழியாக உலோக உடலுக்குப் போய், அங்கிருந்து எஞ்சின் தலைக்கும் குளிர்விக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேர வேண்டும். மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற நேரமாகும், நுனி சூடாகவே இருக்கும். இதைச் சூடான பிளக் என்கிறார்கள். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் வெளியேறிவிடும். அது குளிர்ந்த பிளக். தீப்பொறியின் பலத்துக்கும் இந்தச் சூடு, குளிருக்கும் சம்பந்தம் இல்லை. "சூடான பிளக் போட்டா பவர் ஏறும்" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நுனியின் வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கார்பன் தானாக எரிந்து போகும். சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் நுனியே கங்காகி, நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை.

2-ஸ்ட்ரோக் எஞ்சினில் இது இன்னும் நுட்பமாகிவிடுகிறது. 4-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிப்பு. 2-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 5000 முறை எரிகிறது. கூடவே எண்ணெயும் எரிகிறது. படகு எஞ்சினுக்குச் சாலை வண்டி போல ஏற்ற இறக்கமும் கிடையாது. கரையை விட்டால் தொழில் இடம் போய்ச் சேரும் வரை முழு வேகம். அங்கே போனபின் வலை இழுக்கும் நேரமெல்லாம் மெதுவான ஓட்டம். ஒரே பிளக் இரண்டையும் தாங்க வேண்டும்.

இந்த எண்ணை எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது. சாம்பியனிலும் பாஷிலும் எண் கூடக் கூடச் சூடானது. டென்சோவின் 22, என்.ஜி.கே.யின் 7-க்குச் சமம். டென்சோ 24 என்றால் என்.ஜி.கே. 8. ஆக, ஒரு பிராண்டில் பழகிய கணக்கை இன்னொன்றில் போட்டுப் பார்த்தால், குளிர்ந்ததை வாங்குவதாக நினைத்துச் சூடானதை வாங்கி வந்துவிடுவோம். பிராண்ட் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கம்பெனி வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள். கூடவே நீளமும் இடைவெளியும் ஒத்துவருகின்றனவா என்று தனியாகச் சரிபாருங்கள். "சமமானது" என்று அட்டவணை சொன்னாலும் இடைவெளியைக் கம்பெனி வேறாக வைத்திருக்கலாம்.

இனி, நிறையப் பேர் கேட்கும் கேள்விக்கு வருவோம். பிளக் அடிக்கடி கறுத்துப் போகிறது, ஒரு எண் சூடானது போடலாமா?

போட வேண்டாம் என்பதே என் கருத்து. பிளக் கறுப்பதற்குக் காரணம் அநேகமாக பிளக் அல்ல. எண்ணெய் கூடுதலாகக் கலந்திருக்கலாம். கார்புரேட்டரில் எரிபொருள் அதிகமாக வரலாம். சோக் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம். தீப்பொறிக்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாகி தீப்பொறி மங்கியிருக்கலாம். குளிர்விக்கும் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி எஞ்சின் சரியாகச் சூடேறாமல் ஓடலாம். இதில் எதையும் பார்க்காமல் சூடான பிளக்கை மாட்டினால் மெதுவான ஓட்டத்தில் நிம்மதியாக இருக்கும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும்போதுதான் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த பிளக் கறுத்தால் எஞ்சின் திணறி, தடுமாறி நமக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தும். சூடான பிளக் அப்படி எச்சரிக்காது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அவுட்போர்டுக்கு டி.சி.டபிள்யூ-3 என்று டப்பாவில் குறித்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பைக்குக்கான 2டி எண்ணெயில் எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மங்கள் இருக்கும். அந்தச் சாம்பல் பிளக்கின் இடைவெளியில் சேர்ந்து பாலம் கட்டிவிட்டால் அந்தச் சிலிண்டர் நின்றுவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்

கேரளக் கரையிலும் இலங்கையின் வடக்கிலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் நிறைய. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெட்ரோல் போல எளிதில் ஆவியாகாது. சிலிண்டருக்குள் சீக்கிரம் தானாகவே பற்றி எஞ்சின் தட்டும். அதனால் இந்த மாடல்களை கம்பெனியே அழுத்த விகிதத்தைக் குறைத்துத் தயாரிக்கிறது. பெட்ரோல் மாடலும் மண்ணெண்ணெய் மாடலும் பார்வைக்கு ஒன்றுபோல, ஒரே குதிரைத்திறனில் இருக்கும். பிளக் எண்ணை மட்டும் பெட்ரோல் மாடலின் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், மண்ணெண்ணெய் மாடலுக்கான பக்கத்தைப் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்பு பெட்ரோலுக்குத் திருப்பி ஓடவிட்டு நிறுத்துவது பழகிய கைகளின் வழக்கம். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் பிளக்கை நனைத்துவிட்டால் மறுநாள் காலையில் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. இந்த வழக்கத்தை விட்டுவிட்டு "பிளக் சரியில்லை" என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இடைவெளியும் தீப்பொறி அமைப்பும்

பழைய எஞ்சின்களில் தீப்பொறி உண்டாக்கும் முறை இரண்டு வகை. ஃபிளைவீலுக்கு அடியில் பிளாட்டினா பாயின்டும் கன்டன்சரும் வைத்தது ஒன்று. மின்னணு முறையான சி.டி.ஐ. மற்றொன்று. பாயின்ட் வைத்ததில் மின்னழுத்தம் மெதுவாக ஏறும், இடைவெளியும் குறைவாக இருக்க வேண்டும். 1950-கள், 60-களின் ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்கள் பலவற்றில் சாம்பியன் ஜே6 வகை பிளக்கை 0.030 அங்குலம், அதாவது சுமார் 0.76 மி.மீ. இடைவெளியில் போடச் சொல்லியிருப்பார்கள். சாம்பியனில் 'ஜே' என்றால் மரை நீளம் 9.5 மி.மீ., 'எல்' என்றால் 12.7 மி.மீ. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். சி.டி.ஐ. வைத்த யமஹாவில் பி7எச்எஸ்-10 பிளக்குக்குக் கையேடு சொல்வது 0.9 முதல் 1.0 மி.மீ. வரை.

பெட்டியிலிருந்து எடுத்த புது பிளக் சரியான இடைவெளியில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கடையில் ஒருமுறை கீழே விழுந்திருந்தாலே மாறியிருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை உள்ளே விட்டால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். சரிசெய்வதானால் பக்கவாட்டில் வளைந்து வரும் கம்பியை மட்டும் வளைக்கலாம். நடுக் கம்பியின் மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அப்புறம் சூடேறியதும் தீப்பொறி அந்த விரிசல் வழியாகவே ஓடிவிடும்.

சில பழைய எஞ்சின்களில் வளைந்த கம்பியே இல்லாத பிளக்கைப் பார்க்கலாம். நுனி தட்டையாக, நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் வளையமுமாக இருக்கும். என்.ஜி.கே. பியூஎச்டபிள்யூ, சாம்பியன் கியூஎல்78வி இந்த வகை. இதில் இடைவெளி சரிசெய்ய எதுவும் இல்லை. மின்னழுத்தம் சட்டென்று ஏறும் சி.டி.ஐ.க்காகத் தயாரானவை இவை. மெர்குரியின் பழைய தண்டர்போல்ட் எஞ்சின்கள் இவற்றைத்தான் கேட்டன. பாயின்ட் வைத்த எஞ்சினில் இவை சரிவராது. ஜான்சன், எவின்ரூட்டின் சில மாடல்களுக்கு, மெதுவாக ஓட்டும் தொழிலென்றால் கம்பி உள்ள கியூஎல்77ஜேசி4, தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டுவதென்றால் தட்டை நுனி கியூஎல்78வி என்று இரண்டையும் கம்பெனியே குறிப்பிட்டிருக்கிறது. இப்படிக் கையேடே இரண்டு வழி காட்டும் இடத்தில் மட்டும் நம் தொழிலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம்.

ரெசிஸ்டர் பிளக் வேண்டுமா என்றால், படகில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வி.எச்.எஃப். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் தேடும் கருவி இவற்றில் இரைச்சல் கேட்டாலோ திரை ஆடினாலோ ரெசிஸ்டர் பிளக் உதவும். அப்படி ஒன்றும் இல்லாத சிறிய பழைய எஞ்சினுக்கு கையேடு கேட்கவில்லையென்றால் அவசியமில்லை. கையேட்டிலேயே 'ஆர்' இருந்தால் மட்டும் கட்டாயம் அதையே போடுங்கள். மின்னணுப் பகுதிகளைக் காப்பதற்காக அதைக் கேட்டிருக்கலாம். இரிடியம் பிளக் பழைய 2-ஸ்ட்ரோக்குக்குத் தேவையில்லை. எப்படியும் எண்ணெயில் கறுத்து மாற்றத்தான் போகிறோம். அந்தப் பணத்தில் சாதாரண பிளக் இன்னொரு செட் வாங்கி வைக்கலாம்.

பழைய பிளக்கை எப்போது பார்க்க வேண்டும்

மாற்றுவதற்கு முன் பழையதை நன்றாகப் பார்க்க வேண்டும், எஞ்சினின் உள்நிலவரம் அதில் தெரியும். ஆனால் அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. தொழில் முடிந்து துறைமுக வாயிலில் மெதுவாக ஓட்டி வந்து, கரையில் வைத்து பிளக்கைக் கழற்றினால் அது கறுப்பாகத்தான் இருக்கும். கடைசிப் பத்து நிமிட மெது ஓட்டத்தின் நிறம் அது. திறந்த தண்ணீரில் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே நிறுத்தி, அங்கேயே கழற்றிப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும்.

பீங்கான் மூக்கு வெளிர் காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். வறண்ட கரி படிந்திருந்தால் எரிபொருள் கூடுதல், அல்லது தீப்பொறி பலவீனம். ஈரமாக, எண்ணெயாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் அளவுக்கு மீறிய சூடு, எஞ்சினை அன்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். மூக்கில் பொடிப்பொடியாக வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்தது.

இன்னொரு அறிகுறியைப் பலர் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் காபி நிறத்திலும் மற்றது கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்றும் இருக்கும். பளிச்சென்று இருப்பதில்தான் கோளாறு. தலை கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து, நீராவியாகி பிளக்கைக் கழுவியிருக்கிறது. எந்த பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வைத்தால்தான் இதெல்லாம் பிடிபடும்.

மாட்டும்போது

எஞ்சின் ஆறியபின் கழற்றுங்கள். சூடான அலுமினியத்தில் மரை எளிதில் உரியும். பிளக்கைச் சுற்றியுள்ள உப்பையும் மணலையும் முதலில் ஊதித் தள்ளுங்கள். திறந்ததும் அதெல்லாம் சிலிண்டருக்குள்தான் விழும்.

தீப்பொறி பார்க்க வேண்டுமென்றால் பிளக்கின் உலோக உடல் எஞ்சின் பிளாக்கைத் தொட்டபடி இருக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுத்தால் சி.டி.ஐ. கெட்டுப்போகலாம். அதைவிட முக்கியம், திறந்த பிளக் ஓட்டையிலிருந்து எரிபொருள் ஆவி பீச்சி வரும். தீப்பொறியை அதன் பக்கத்தில் காட்டினால் தீப்பிடிக்கும்.

பிளக்கின் மேல்முனையில் திருகிக் கழற்றக்கூடிய சின்ன நட் இருக்கும். வயர் முனையில் உள்ள தொப்பிகளில் சிலவற்றுக்கு அது வேண்டும், சிலவற்றுக்கு அதைக் கழற்ற வேண்டும். பழையதில் எப்படி இருந்தது என்று பார்த்து அதேபோல வையுங்கள். தொப்பி தொளதொளவென்று உட்கார்ந்தால் அலையில் ஆடும்போது ஒரு சிலிண்டர் விட்டு விட்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஸ்பேனர் இல்லாமல், கையாலேயே கடைசி வரை திருகுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். வாஷர் தொட்டபின் ஸ்பேனரால் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்தலாம், கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படி. மரைக்கு கிரீஸ் பூசுவது கடலோரத்தில் பரவலான பழக்கம். என்.ஜி.கே. பிளக்கின் மரை ஏற்கெனவே துருப்பிடிக்காத பூச்சுள்ளது, அதற்குத் தேவையில்லை என்பது கம்பெனியின் நிலை. பூசினால் மரை வழுக்கி, அதே கைவிசையில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். உப்புக்காற்றுக்குப் பயந்து பூசியே ஆக வேண்டுமென்றால், மிக லேசாகப் பூசி, குறைவாக இறுக்குங்கள்.

போலி பிளக்கும் சந்தையில் நடமாடுகிறது. அச்செழுத்து மங்கலாக இருப்பது, வாஷர் கையோடு கழன்று வருவது, நடுக் கம்பி வளையத்தின் மையத்தில் நிற்காமல் ஒதுங்கியிருப்பது, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வேறு கடை பாருங்கள். பில் தரும் டீலரிடம் வாங்குவது நல்லது.

ஒரு செட் கூடுதலாக வாங்கி, இடைவெளியை வீட்டிலேயே சரிபார்த்து, ஈரம் புகாத டப்பாவில் போட்டுப் படகில் வையுங்கள். அந்த டப்பாவிலேயே 21 மி.மீ. பிளக் ஸ்பேனரும் ஒரு காய்ந்த துணியும் இருக்கட்டும். டப்பாவின் மூடியில் பிளக் எண்ணையும் இடைவெளியையும் பெயின்டால் எழுதிவிட்டால், அடுத்த முறை கடைக்குப் போகிறவர் நீங்களாக இல்லாவிட்டாலும் சரியானதையே வாங்கி வருவார்.